தெருவுக்கு ஊற்றிய தண்ணீர்

பிள்ளை,

நீ கேட்ட கடிதத்தை வாங்கிவிட்டேன். நேற்றுப் பூசை முடிந்த கையோடு பங்குச் சுவாமியைப் பிடித்தேன். அவரும் மறுக்காமல் எழுதி, கோயில் முத்திரையும் குத்தித் தந்தார். பெருநாள் ஞாயிற்றுக்கிழமை பாடற்குழுவை நடத்த நீ கட்டாயம் தேவை, அன்றைக்கு மட்டும் உன்னை வேலையிலிருந்து விடுவித்து உதவ வேண்டும் என்று நெடுந்தீவு ஆஸ்பத்திரி டொக்டருக்கு எழுதியிருக்கிறார். இன்று காலை அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்று மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டேன். பாதி வழியில் திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏன் திரும்பினேன் என்று இந்தக் கடிதத்தின் கடைசியில் சொல்கிறேன். நாளைக்கு இதையும் சுவாமியின் கடிதத்தையும் ஒரே உறையில் போட்டு அனுப்புவேன். சுவாமியின் கடிதத்தை டொக்டரிடம் கொண்டுபோவதற்கு முன்னம் இதை முழுக்க வாசி. வட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் கும்பிடுகிற கை ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பாய். அம்மா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்து, தண்ணீர் பவுசர் ஓடின மனுசன் கதிரையும் மேசையும் போட்டு என்ன எழுதுகிறாரோ என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

வியாழக்கிழமை நீ போன் எடுத்தபோது சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை இப்படி இருத்தி வைத்திருக்கிறது. பெருநாளன்று உனக்கு வாட்டில் வேலை விழுந்திருக்கிறது, அதை மாற்ற சுவாமியிடம் ஒரு கடிதம் வாங்கித் தாருங்கள் என்றாய். நீ வந்தால் யார் நிற்பது என்று கேட்டேன். உன்னோடு ஒரே அறையில் இருக்கிற வவுனியா நேர்ஸ் பிள்ளை நிற்பாள் என்றாய். அவளுக்கு அன்றைக்கு லீவு, வீட்டில் அவளுடைய இரண்டு வயது மகளுக்குக் காது குத்துகிறார்கள் என்பதையும் நீயேதான் சொன்னாய். அந்தப் பிள்ளை பாவமல்லவா என்று இழுத்தேன். "காது எப்ப வேணுமெண்டாலும் குத்தலாம் அப்பா. மாதாவின்ரை பெருநாள் வருசத்தில ஒருக்காத்தானே வருது" என்றாய். நானும் ஓம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. ஏனென்றால் அந்த வார்த்தை எனக்குப் பழக்கமான வார்த்தை. பதினைந்து வருசத்துக்கு முன்னம் கிட்டத்தட்ட அதையே நான் சொன்னேன். உனக்கு முன்னால் சொல்லவில்லை, ஆகையால் நீ என்னிடம் கேட்டுப் பழகியதும் இல்லை. என் மூக்கு உனக்கு வந்த மாதிரி இதுவும் வந்திருக்கிறது போல.

உனக்குப் பன்னிரண்டு வயதான வருசத்துப் பெருநாளை நீ இன்றைக்கும் ஆட்களுக்குச் சொல்லுவாய். நெடுந்தீவில் உன் கூட வேலை செய்கிறவர்களுக்கும் சொல்லியிருக்கிறாய் என்று அறிந்தேன். அந்த வருசம் நீ வெள்ளைச் சட்டை போட்டு, பூத்தட்டோடு மாதா சுரூபத்துக்கு முன்னால் போனவள். கோயில் தெரு அப்போது தார் காணாத தெரு. ஆடி வெயிலும் சோளகக் காற்றும் சேர்ந்தால் சுரூபம் எது, தூக்குகிறவன் எவன் என்று தெரியாத அளவுக்குப் புழுதி எழும்பும். அந்த வருசம் மட்டும் புழுதி இல்லை. உன் அப்பா விடியற்காலையிலேயே பவுசரைக் கொண்டுவந்து கோயில் வாசலில் இருந்து சந்தி வரைக்கும் தண்ணீர் தெளித்திருந்தார். பூசை முடிவில் சுவாமி பீடத்தில் நின்று என் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம். உன் வெள்ளைச் சப்பாத்து கடைசி வரைக்கும் வெள்ளையாகவே இருந்தது. இவ்வளவும் உண்மை. நீ சொல்வதில் ஒரு பிழையும் இல்லை. உனக்குத் தெரியாத பாதியை இன்றைக்குச் சொல்கிறேன்.

அந்தத் தண்ணீர் புங்குடுதீவு இறுப்பிட்டிக்குப் போக வேண்டிய தண்ணீர். உனக்குத் தெரியும், அந்தப் பக்கத்துக் கிணறுகள் கோடையில் வாயில் வைக்க ஏலாத உவர். பவுசர் வந்தால்தான் குடிநீர். என் ஓட்டத்தில் இறுப்பிட்டிதான் கடைசி நிறுத்தம், சனிக்கிழமைதான் அவர்களுக்கு முறை. அந்தச் சனிக்கிழமை பின்னேரம் தாங்கி நிரம்பத் தண்ணீர் அடித்துக்கொண்டு, புங்குடுதீவுப் பாலத்துக்குப் போக வேண்டியவன் வண்டியை எங்கள் ஊர்ப் பக்கம் திருப்பினேன். பிரதேச சபைக்குப் போன் எடுத்து ரயர் வெடித்துவிட்டது என்று சொன்னேன். அவ்வளவு சுலபமாக எனக்குப் பொய் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பவுசரைக் கோயில் வளவில் விட்டபோது அம்மா வந்து பார்த்தாள். "உது எங்க போற தண்ணி?" என்று கேட்டாள். மாதாவுக்கு என்றேன். "அவை என்ன செய்யிறது?" என்றாள். "திங்கட்கிழமை குடுக்கலாம். பெருநாள் வருசத்தில ஒருக்காத்தானே" என்றேன். அம்மா வந்த வழியே திரும்பி வீட்டுக்குப் போனாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் தெரியாத மாதிரி நின்றேன். விடிந்ததும் பின் வால்வைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, தெருவில் ஆமை வேகத்தில் இரண்டு தரம் ஓடினேன். தண்ணீர் மண்ணில் விழுந்த வாசம் எனக்குத் தூபம் மாதிரி இருந்தது. ஆண்டவருக்கு என் கையால் செய்த மிகப் பெரிய தொண்டு அதுதான் என்று உண்மையாகவே நினைத்தேன். சுரூபம் திரும்பிக் கோயிலுக்குள் ஏறும்போது தெரு காய்ந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை இறுப்பிட்டிக்குப் போனேன். குடங்களும் பிளாஸ்ரிக் கான்களும் தெருவோரம் சனிக்கிழமை வைத்த வரிசையிலேயே இருந்தன. காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொரு கானுக்குள்ளும் ஒவ்வொரு கல் போட்டிருந்தார்கள். அந்த வரிசையில் முன்னுக்கு நின்றவர் பரமேஸ்வரி அக்கா. தோட்டமும் இரண்டு மாடும் வைத்துச் சீவிக்கிற குடும்பம். அவருடைய புருசன் பாரிசவாதம் வந்து படுக்கையில் கிடந்தவர். என்னைக் கண்டதும் ஏச்சு விழும் என்று காத்திருந்தேன், ஏசினால் திருப்பிச் சொல்லப் பதிலும் வைத்திருந்தேன். அவர் வண்டியின் நான்கு சில்லையும் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார். "தம்பி, ரயர் வெடிச்சதாமே. கடைக்காரர் சொன்னவர். உமக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே? பாலத்துக்கு மேல வெடிச்சிருந்தா என்ன கதி எண்டு பயந்து போனன். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேந்து நேற்று உடைச்சிட்டும் வந்திட்டன்."

நான் வால்வைத் திறந்துவிட்டுக் குனிந்தபடியே நின்றேன். முகத்தைக் காட்ட ஏலவில்லை. ஐயா எப்படி என்று ஒப்புக்குக் கேட்டேன். உப்புத் தண்ணீரில் காய்ச்சிய கஞ்சியை அவர் வாயில் வைக்கவில்லை என்றும், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார் என்றும், இன்றைக்கு இந்தத் தண்ணீரில் காய்ச்சினால் குடிப்பார் என்றும் சொன்னார். அதில் குறை சொல்கிற தொனி துளியும் இல்லை. எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிட வேண்டும் போல இருந்தது. முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் மாதாவின் பெயரால் தெருவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில், குடிக்கத் தண்ணீர் இல்லாத ஒரு வீட்டில் இருந்து ஒரு மனுசி நடந்து போய் என் உயிருக்காகத் தேங்காய் உடைத்திருக்கிறார். நடக்காத விபத்துக்கு. நான் சொன்ன பொய்க்கு. வெட்கம் என்றால் என்ன என்று அதுவரைக்கும் நான் அறிந்ததெல்லாம் வெட்கமே இல்லை, பிள்ளை.

அந்தக் கிழமையே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அப்போதிருந்த சுவாமி இப்போது மாறிப் போய்விட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், தேங்காயையும் சொன்னேன். பீடத்தில் நின்று நன்றி வேறு சொல்லிவிட்டேனே என்று அவர் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு, "அண்ணை, ஆண்டவர் மன்னிப்பார். ஆனா நீங்கள் மறிச்சது என்ரை வீட்டுத் தண்ணியை இல்லை. அந்த அக்காவிட்டைப் போய்ச் சொல்லுங்கோ" என்றார். ஐம்பது செபமாலை சொல்லச் சொல்லியிருந்தால் ஒரே நாளில் சொல்லி முடித்திருப்பேன். இதைச் செய்ய எனக்கு மூன்று மாதம் பிடித்தது. ஒவ்வொரு கிழமையும் இன்றைக்குச் சொல்லுவோம் என்று போவேன். போய், அக்காவுக்கு ஒரு கான் கூடுதலாக நிரப்பிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அவர் அதற்கு நன்றியாக, பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் கட்டித் தருவார். அந்த வருசம் நீயும் தம்பியும் போட்டி போட்டுச் சப்பிய புழுக்கொடியல் முழுவதும் அப்படி வந்ததுதான். நீங்கள் சப்புகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் வெளியே எழும்பிப் போய்விடுவேன். அம்மா கண்டும் காணாதவள் மாதிரி இருந்தாள்.

கடைசியில் மாரி மழை பிடித்து, ஊரில் இருந்த தாங்கி எல்லாம் நிரம்பி வழிந்த பிறகுதான் சொன்னேன். கோழையின் கணக்கு அது. தண்ணீருக்குத் தட்டுப்பாடு இல்லாத நேரத்தில் சொன்னால் குற்றம் சின்னதாகத் தெரியும் என்று நினைத்தேன். முற்றத்தில் நின்று நடந்ததைச் சொன்னேன். அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தார். "ரோட்டுக்கோ ஊத்தினீர்? அவ்வளவு தண்ணியையுமோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். உள்ளே படுத்திருந்த ஐயா யார் வந்தது என்று குழறிக் கேட்க, பவுசர்த் தம்பி என்று பதில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "உடைச்ச தேங்காயை இனி ஒட்டேலாது, தம்பி. இருக்கட்டும். ஆனா ஒண்டு. இனிப் பெருநாள் வந்தா எங்களுக்குத் தண்ணியைத் தந்திட்டு உம்மடை மாதாவிட்டைப் போம்." அன்றைக்கும் புழுக்கொடியல் தந்துதான் அனுப்பினார். அதை மட்டும் நான் வீட்டில் எல்லோரோடும் இருந்து சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு, ஓய்வு பெறும் வரைக்கும், பெருநாள் கிழமையில் என் ஓட்டம் இறுப்பிட்டியில்தான் தொடங்கும். சபையில் ஏன் என்று கேட்டபோது தெரு திருத்துகிறார்கள் என்று சாட்டுச் சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டு உண்மையையே சொன்னேன். நாலு ஏச்சு விழுந்தது, வாங்கிக்கொண்டேன். நான் மாறிவிட்டேன் என்று உனக்குப் படம் காட்ட வரவில்லை. பவுசரின் கண்ணாடியில் செபமாலை தொங்கும். மினிபஸ்காரன் ஒருவன் குறுக்கே வெட்டினால் என் வாயில் வருவதை அந்தச் செபமாலைதான் கேட்டுக்கொண்டிருக்கும். அது கடைசி நாள் வரைக்கும் திருந்தவில்லை. ஆனால் தண்ணீர் விஷயத்தில் கவனமாக இருந்தேன். கடைசி வீட்டுக் கான் நிரம்பும் வரைக்கும் வண்டியை எடுக்கமாட்டேன். அதை ஒரு செபம் என்று சொன்னால் சுவாமிமார் கோபிப்பார்களோ தெரியாது. எனக்கு அப்படித்தான் இருந்தது. தாகமாயிருந்தேன், குடிக்கத் தந்தீர்கள் என்று ஆண்டவர் சொல்லுகிற அந்த நற்செய்தி வாசகம் கோயிலில் வரும்போது மட்டும் இன்றைக்கும் தலை தானாகக் குனியும்.

பூசையும் பாட்டும் வேண்டாம் என்று சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. சொன்னால் அம்மா அகப்பையோடு வருவாள். கோயிலுக்குப் போகாமல் நான் எங்கே போவேன்? என் பிழையை எனக்குக் காட்டினதும் அந்தக் கோயில்தான். நீ பாடும்போது கண் கலங்காமல் நான் இருந்ததில்லை, பக்கத்தில் இருக்கிறவர் பார்க்கிறாரே என்று மூக்கைச் சீறிச் சமாளிப்பேன். ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தை மாதம் அம்மாவும் நானும் உன்னைப் பார்க்க நெடுந்தீவுக்கு வந்தோம் அல்லவா? படகு ஆட்டிய ஆட்டத்தில் அம்மா படுத்துவிட்டாள், நான் மட்டும் ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்தேன். உன் வேலை நேரம் முடிந்துவிட்டது என்று வாசலில் சொன்னார்கள். ஆனால் நீ வாட்டுக்குள் இருந்தாய். பார்க்க ஒருவரும் வராத ஒரு கிழவருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, அவருடைய கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாய். அவர் வாய் ஓயாமல் தன் குதிரைகளைப் பற்றிக் கதைக்க, நீ ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தாய். நான் கூப்பிடவில்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டு வேப்பமரத்தடியில் போய் இருந்தேன். பெருநாள் பூசையில் எனக்கு வருகிற அமைதி அந்த மரத்தடியில் வந்தது. நீ பிறகு வெளியே வந்து, வேலையால் பூசைக்குப் போக ஏலாமல் இருக்கிறது, விசுவாசம் குறைந்து போய்விட்டது போல இருக்கிறது அப்பா என்று கவலைப்பட்டாய். நான் அப்போது தோசையைச் சாப்பிடு என்றேன். எனக்கு உடனே பதில் வராது, உனக்குத் தெரியும். பதில் இதுதான். அது குறையவில்லை, பிள்ளை. நான் என் கண்ணால் பார்த்தேன்.

இனி இன்று காலை நடந்தது. குறிகட்டுவானுக்குப் போகிற வழியில் வழக்கம் போல இறுப்பிட்டியில் நிறுத்தினேன். ஐயா போய் ஆறு வருசம் ஆகிறது. அக்கா தனியாகத்தான் இருக்கிறார், முழங்கால் நோவோடு இன்னமும் மாடு பார்க்கிறார். தேத்தண்ணி தந்துவிட்டு, பெருநாள் வருகுதே, மகள் வருகிறாவோ என்று கேட்டார். சுவாமியின் கடிதம் என் சட்டைப் பையில் இருக்கிறது. "அண்டைக்கு அவவுக்கு வாட்டில வேலை, அக்கா" என்றேன். இந்த நிமிசம் வரைக்கும் அது உண்மைதான், ஆனாலும் சொல்லும்போது அந்தப் பழைய ரயர்ப் பொய் மாதிரியே நாக்கில் வழுக்கியது. அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "பெருநாளையும் விட்டிட்டு நோயாளியளைப் பாக்கிறாவோ? நல்ல பிள்ளை. அப்ப அண்டைக்கு நான் ஒரு தேங்காய் உடைச்சு விடுறன். அவவின்ரை கைக்கு ஒரு குறையும் வரக்கூடாது." நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் எழும்பி உள்ளே போனார். தேங்காய்களைத் தட்டித் தட்டிப் பார்த்து நல்லதாக ஒன்றை எடுத்து, சாமிப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு வந்தார். அதற்கு மேல் எனக்குக் குறிகட்டுவானுக்குப் போக மனம் வரவில்லை. மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

சுவாமியின் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. ஒளித்து வைத்தால் அது இன்னொரு ரயர் கதையாகிவிடும். நீ கேட்டாய், இந்தா இருக்கிறது. கொடுப்பதும் விடுவதும் உன் விருப்பம். கொடுத்தாலும் நீ என் பிள்ளைதான், பெருநாளுக்கு வந்தால் உனக்குப் பிடித்த கணவாய்க் கறி இருக்கும். வராவிட்டால் அதே கறியைச் சட்டியோடு கட்டிக்கொண்டு அடுத்த நாள் படகில் நாங்கள் இரண்டு பேரும் வருவோம், அம்மா படுத்தாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டாள். அந்த வவுனியாப் பிள்ளையின் மகளுக்கும் ஒரு சோடி சின்னத் தோடு அம்மா எடுத்து வைத்திருக்கிறாள், அதையும் கொண்டுவருவோம்.

ஒன்றை மட்டும் மறந்துபோகாதே. ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் கோயிலில் மணி அடிக்கிற நேரத்துக்கு, பரமேஸ்வரி அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு பிள்ளையார் கோயிலுக்கு நடப்பார். முதல் தேங்காயை என் பொய்க்காக உடைத்தவர் அவர். இரண்டாவது தேங்காய் இப்போது சாமிப் படத்துக்குக் கீழே இருக்கிறது, நீ வாட்டில் நிற்பாய் என்று நம்பி.

அப்பா